படி இல்லாத மாடி அறை

கோவையில் ஒரு பொறியியல் கல்லூரி. பகலில் இளம்பிள்ளைகள் படிக்கும் அதே வகுப்பறைகளில், மாலையில் வேலைக்குப் போகிறவர்கள் வந்து உட்காருவார்கள். டிப்ளமோ முடித்துவிட்டு ஏதாவது ஒரு சைட்டில் நிற்பவர்கள். கை கால் கழுவி வந்தாலும் காதோரத்தில் சிமென்ட் தூசி ஒட்டியிருக்கும்.

அவர்களுக்குக் கட்டட வடிவமைப்பும் கட்டுமான மேலாண்மையும் சொல்லிக்கொடுத்தவர் ரெஜினா. முப்பத்து நான்கு வயது. மாணவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். அவர் அவர்களை அண்ணா என்பார். அவர்கள் அவரை மேடம் என்பார்கள்.

எல்லோரிலும் மூத்தவர் சென்னியப்பன். ஐம்பதை நெருங்கியவர், ஒரு கட்டுமான நிறுவனத்தில் சூப்பர்வைசர். இந்த வயதில் எதற்குப் படிப்பு என்று கேட்டவர்களிடம், டிகிரி இருந்தால் இஞ்சினியர் என்று போடுவார்கள் என்று சொல்லியிருந்தார். அவர் ஒரு நாளும் விடுப்பு எடுத்ததில்லை. பெரிய மழை பெய்த ஒரு மாலையில் ரெஜினாவும் அவரும் மட்டுமே வகுப்பில் இருந்தார்கள். வகுப்பு முடிந்தாலும் அவர் அவசரமாகக் கிளம்ப மாட்டார். வாட்ச்மேன் வந்து விளக்கை அணைக்கும் வரை, போர்டில் இருப்பதை நிதானமாக எழுதிக்கொண்டிருப்பார்.

ஒரு வேலை நின்றால் அதன் பின்னால் எந்தெந்த வேலை நிற்கும் என்று கோடு போட்டுப் பார்க்கும் பாடம் ஒன்று உண்டு. மற்றவர்கள் அதில் திணறினார்கள். சென்னியப்பன் சுலபமாகப் போட்டார். பக்கத்தில் இருந்தவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்.

அந்த செமஸ்டரில் ரெஜினா எல்லோருக்கும் ஒரு வேலை கொடுத்தார். தங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு வீடு வடிவமைத்துக் கொண்டுவர வேண்டும்.

சென்னியப்பன் கொண்டுவந்த தாள் சுத்தமாக இருந்தது. கீழே கூடம், சமையலறை, ஒரு படுக்கையறை. மாடியில் ஒரே ஒரு அறை. அதற்குக் கிழக்குப் பக்கம் தாழ்வாக ஒரு பெரிய ஜன்னல். எல்லா அளவும் சரியாக இருந்தது. மாடிக்குப் போகப் படி மட்டும் இல்லை.

மறந்துவிட்டார் போல என்று ரெஜினா பென்சிலால் ஒரு வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த வாரம் சென்னியப்பன் வேறொரு தாளில் முழுவதையும் புதிதாக வரைந்து கொண்டுவந்தார். அதிலும் படி இல்லை.

வகுப்பு முடிந்ததும் ரெஜினா அவரை நிற்கச் சொன்னார்.

“படியை விட்டுட்டீங்கண்ணா.”

“விடலீங்க மேடம். வேண்டாம்னு வெச்சேன்.”

“மாடியில ரூம் இருக்கே.”

“இருக்குங்க. யாரும் போக மாட்டாங்க. யாரும் போகாத ரூமுக்குப் படி எதுக்குங்க?”

வாதம் செய்யும் குரல் இல்லை அது. பதில் தெரிந்தால் நன்றாக இருக்கும் என்பது போல் கேட்டார்.

ரெஜினா அவரை உட்காரச் சொன்னார். சென்னியப்பன் தாளின் ஓரத்தைத் தடவியபடி சொல்லத் தொடங்கினார்.

அது அவருடைய சொந்த வீடு. சூலூர்ப் பக்கம் இடம் வாங்கி, விடுமுறை நாட்களில் கூடவே நின்று கட்டியது. ஒரே மகன் நவநீதன் இதே கல்லூரியில் பகலில் சிவில் படித்துக்கொண்டிருந்தான். மாடி அறை அவன் வரைந்தது. படுத்தபடியே வானம் தெரிய வேண்டும் என்று ஜன்னலைத் தாழ்த்தச் சொன்னான். சாரல் உள்ளே அடிக்கும் என்று இவர் மறுத்தார். அப்பாவும் மகனும் அதற்காகப் பேசாமல்கூட இருந்தார்கள். கடைசியில் மகன் சொன்னபடியே ஜன்னல் வைத்தார்.

அந்த அறைக்குக் கான்கிரீட் போட்ட மாதத்தில் நவநீதனுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு அவன் அப்பாவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்துதான் போனான். திரும்பி வரவில்லை.

வெளிப்பக்கமாகப் படி கட்ட வேண்டியது பாக்கி இருந்தது. ஆட்கள் சாரத்தைப் பிரித்து எடுத்துக்கொண்டு போனார்கள். அதோடு நின்ற வேலை இரண்டு வருஷமாக நிற்கிறது.

இப்போது கீழ்வீட்டை மட்டும் முடித்துக் குடிபோகலாம் என்று நினைப்பதாகச் சொன்னார். மனைவி கலாமணி அந்த வீட்டைப் பற்றிப் பேசுவதே இல்லை. படி ஒன்று இருந்தால் அவள் மேலே போவாள். போனால் அங்கேயே உட்கார்ந்து அழுவாள். அது வேண்டாம் என்றுதான் படியை வரையவில்லை.

  ஞாயிற்றுக்கிழமை வந்து வீட்டைப் பார்க்கலாமா என்று ரெஜினா கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ரெஜினா போனார். அவர்கள் குடியிருந்த வாடகை வீடு, புதுவீடு இருந்த அதே தெருவில்தான் இருந்தது. கலாமணி காப்பி போட உள்ளே போனார். அதற்குள் சென்னியப்பன் ரெஜினாவைப் புதுவீட்டுக்கு அழைத்துப் போனார்.

கதவு வைக்காத வாசலில் பலகை சாத்தியிருந்தது. உள்ளே சருகும் புறா எச்சமுமாகக் கிடந்தது. கூடத்தில் அவர்கள் நடந்த இடமெல்லாம் செருப்புத் தடம் பதிந்தது. பின்பக்கம் போனார்கள். படிக்காக விட்ட கம்பிகள் துருப்பிடித்துச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு மூங்கில் ஏணி சாத்தியிருந்தது.

சென்னியப்பன் நின்றுவிட்டார்.

“பக்கத்து வீட்டுக்காரரு வெச்சிருப்பாருங்க.”

 ஏணியில் ஒரு குச்சி உடைந்திருந்தது. அதை ஒரு சேலைத் துணியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். பச்சைத் துணி. சென்னியப்பன் அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஏறினார். ரெஜினாவும் அவர் பின்னால் ஏறினார்.

மாடி அறை சுத்தமாகப் பெருக்கியிருந்தது. பூசாத சுவர்தான், தளமும் போடாத வெறும் கான்கிரீட்தான். ஆனாலும் ஒரு சருகு இல்லை. மூலையில் விளக்குமாறு. ஜன்னலுக்கு நேராக ஒரு பாய் விரித்திருந்தது.

சென்னியப்பன் ஜன்னலுக்குப் போய் வெளியே பார்த்தபடி நின்றார். திரும்பாமலே பேசினார். போன மாசம் கலாமணிக்குக் கை பிசகிவிட்டது. பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். பாசி இருக்கும் என்று நினைத்து, ப்ளீச்சிங் பவுடர் போட்டு அவரே பாத்ரூம் முழுக்கத் தேய்த்துக் கழுவினார். அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே காலடிச் சத்தம் கேட்டது. கலாமணி காப்பித் தூக்கோடு வந்திருந்தார். ஏணியைப் பார்த்தார். பிறகு மேலே நின்ற இரண்டு பேரையும் பார்த்தார். அவர் முகம் மாறவில்லை.

“எப்ப இருந்து?” என்று சென்னியப்பன் மேலிருந்து கேட்டார்.

“நீங்க காலேஜ் சேந்ததுல இருந்து.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல.”

கலாமணி தூக்கை மணல்மேட்டின் மேல் வைத்தார்.

“நீங்க எதுக்குப் போறீங்கன்னு எங்கிட்டச் சொல்லீட்டா போறீங்க? நீங்க அவன் காலேஜுக்குப் போறீங்க. நான் அவன் ரூமுக்கு வர்றேன்.”

 மேலே இருந்தவர்கள் இறங்கி வந்ததும் மூன்று பேரும் நின்றபடியே காப்பி குடித்தார்கள். ரெஜினா கிளம்பும்போது கலாமணி தெருமுனை வரை கூட வந்தார். நவநீதன் எந்த பெஞ்சில் உட்காருவான் என்று கேட்டார். ரெஜினா அந்தக் கல்லூரிக்கு வந்தது போன வருஷம்தான். தெரியாதுங்க அக்கா என்று சொல்ல வேண்டியிருந்தது. கலாமணி பரவாயில்லை என்று தலையாட்டினார். பஸ் வரும் வரை நின்றுவிட்டுத் திரும்பினார்.

அந்த வாரக் கடைசியில் சென்னியப்பன் மூன்றாவது தாளைக் கொண்டுவந்தார். எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்து மேசையில் விரித்தார். பின்சுவரை ஒட்டி, படி வரைந்திருந்தார்.

“போட்டுட்டேங்க மேடம்.”

ரெஜினா பார்த்தார். நல்ல படி. ஏறுகிறவருக்கு மூச்சு வாங்காத உயரம், நடுவில் நின்றுகொள்ள இடம், பிடித்துக்கொள்ளக் கம்பி.

சென்னியப்பன் போகவில்லை.

“ஏணியில ஏறி விழறதுக்கு இது மேலுங்க. அது புரியுது. ஆனா படி வந்துட்டா, அவ கீழ எறங்கவே மாட்டாளோன்னு பயமா இருக்குங்க. அதுக்கு என்னங்க பண்றது?”

  ரெஜினா அளவுகோலை எடுத்துப் படியின் மேல் வைத்தார்.

“அகலம் எவ்வளவு வெச்சிருக்கீங்கண்ணா?”

“ரெண்டரை அடிங்க. ஒரு ஆள் போக வர அது போதுங்களே.”

“படிக்கு வெளிப்பக்கம் இன்னும் இடம் இருக்குதா?”

“இருக்குங்க.”

ரெஜினா தாளை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

“அப்ப நாலடியாப் போடுங்கண்ணா. ரெண்டு பேரும் சேந்து ஏறுற மாதிரி.”