தன்னையே ஏலம் கேட்ட ஆமை

குளம் வற்றியதும் ஆமை ஒன்று சேற்றுக்குள் புதைந்து தூங்கிப்போனது. கண் விழித்தபோது இலுப்பை மரத்தடியில், மான் கொம்புக்கும் பாம்புச் சட்டைக்கும் நடுவில் கிடந்தது. சுற்றிலும் ஒரே கூச்சல்!

அது நரி நடத்தும் ஏலம். காட்டில் அகப்படும் பழைய பொருள், அபூர்வப் பொருள் எல்லாம் அங்கேதான் விலைபோகும். கட்டுப்பாடு ஒன்றே ஒன்றுதான்: உயிருள்ள எதையும் ஏலத்தில் வைக்கக் கூடாது. தலையும் காலும் உள்ளே இருந்ததால், சேற்றில் அகப்பட்ட ஆமையை நரி கல் என்றே நினைத்துவிட்டது. கழுவிப் பார்க்கக்கூட அந்தச் சோம்பேறிக்குப் பொறுமையில்லை.

"பாருங்க, பாருங்க! ராஜா காலத்துக் கல்! இந்தக் கட்டம்போட்ட சித்திர வேலையைப் பாருங்க! இதுமாதிரி இனிமே கிடைக்குமா?"

ஓட்டுக்குள் இருந்த ஆமைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதன் முதுகைப் பிறந்ததிலிருந்து யாரும் புகழ்ந்ததில்லை. 'நம்ம மதிப்பு எதுவரைக்கும் போகுதுன்னு பார்ப்போமே' என்று வாயை மூடிக்கொண்டது.

"ஒரு சீப்பு வாழைப்பழம்!" என்றது குரங்கு.

"ஒரு தேனடை!" என்றது கரடி.

"ரெண்டு சீப்பு!"

"ரெண்டு தேனடை!" என்று கரடி தேனடைகளை நரியின் முன்னால் வைத்தது.

ஆமைக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஒரு தரம்!" என்று நரி கூவியது.

"இந்தக் கல்லை வச்சு என்ன பண்ணப் போறீங்கண்ணே?" என்று குரங்கு கேட்டது.

"பாறையில போட்டு உடைக்கப் போறேன்டா தம்பி! உள்ள கட்டாயம் ரத்தினம் இருக்கும்!" என்றது கரடி.

ஆமை பதறிப்போய்க் காலை வெளியே நீட்டி உதறியது.

"ஐயோ, அசையுது!" என்று குரங்கு துள்ளியது.

நரிக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் தேனடை கண்ணை மறைத்தது. "மந்திரக் கல்லுங்க! அசையாம என்ன செய்யும்? ரெண்டு தரம்!" என்று அவசரப்பட்டது.

மூன்றாம் தரம் சொல்லிவிட்டால் சரக்கு கரடிக்குச் சொந்தம். அப்புறம் யார் வந்தாலும் மாற்ற முடியாது. ஆமை தலையை நீட்டி, இருந்த மூச்சையெல்லாம் திரட்டிக் கத்தியது.

"மூணு தேனடை! நான் கேக்குறேன்!"

"யாருப்பா அது?" என்று கரடி தேடியது.

"நான்தாண்ணே, அந்தக் கல்லு! ஏலத்துல வைக்கிற கல்லு எங்கயாவது தானே ஏலம் கேக்குமா? நீங்களே சொல்லுங்க!"

குரங்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நரி திருதிருவென்று விழித்தது. கரடி தன் தேனடைகளை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு, "உயிரையாடா விக்கிறே?" என்று உறுமியதுதான் தாமதம், நரி ஓட்டம் பிடித்துவிட்டது.

கரடி ஆமையைப் பதமாகத் தூக்கிப்போய் ஆற்றங்கரையில் விட்டது. "நல்லவேளை, வாயைத் திறந்தே! இல்லைன்னா பெரிய பாவம் பண்ணியிருப்பேன்."

"தப்பு என் மேலயும் இருக்குண்ணே" என்றது ஆமை. காலில் தண்ணீர் பட்டதும் அதற்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பாடா என்று ஆற்றில் இறங்கிவிட்டது.

புகழ்ச்சியில் மயங்கி வாய்மூடி இருப்பவன், தான் விலைபோவதைத் தானே வேடிக்கை பார்க்க நேரும்.