முள்ளெலி கேட்ட வழி

ஏரியின் நடுவே ஒரு திட்டு. அந்தத் திட்டு முழுவதும் பறவைகளின் பெரிய நகரம். மரத்துக்கு நூறு கூடு, கூட்டுக்கு நாலு வாய் என்று ஒரே இரைச்சல். அந்த நகரத்தைத் தேடி வேலாயி என்ற முள்ளெலி, தன் மகள் குன்னியை அழைத்துக்கொண்டு ஏரிக்கரைக்கு வந்தாள்.

குன்னியின் தொண்டையில் கருவேல முள் ஒன்று குத்தி நின்றது. இரண்டு நாளாகத் தண்ணீர்கூட இறங்கவில்லை. அந்த நகரத்தில் அரிவாள்மூக்கன் என்றொரு வைத்தியர் இருந்தார். வளைந்த நீண்ட அலகை உள்ளே விட்டு எப்பேர்ப்பட்ட முள்ளையும் எடுத்துவிடுவார். ஆனால் ஏரி வற்றிக்கொண்டிருந்தது. மறுநாள் விடிந்ததும் பறவைகள் எல்லாம் வடக்கே கிளம்பப் போகின்றன. வைத்தியரும்தான்.

"இன்னைக்கே அவரைப் பார்த்தாகணும். நீ என் பின்னாடியே வா" என்றாள் வேலாயி. பகல் வெளிச்சத்தில் அவளுக்குக் கண் கூசியது. இருந்தும் நடந்தாள்.

கரையில் வெள்ளை வெளேரென்று ஒரு கொக்கு நின்றது. பார்த்தாலே விவரம் தெரிந்தவர் போலிருந்தது.

"ஐயா, வைத்தியர் வீட்டுக்கு எப்படிப் போகணும்?"

"இதென்னம்மா பெரிய விஷயம்? நேரா போய், மூணாவது மரத்து உச்சியில இடது பக்கம் திரும்பு. பத்து தடவ சிறகடிச்சா வந்துடும்!"

வேலாயி கும்பிட்டுவிட்டு நேராகப் போனாள். நாலடியில் சேறு. வயிறு வரை புதைந்து, மகளையும் தள்ளித் தூக்கிக் கரையேறுவதற்குள் பொழுது உச்சிக்கு வந்துவிட்டது.

அடுத்து ஒரு நீர்க்காகத்தைக் கேட்டாள். அது அவளை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தது.

"உடம்பு பூரா முள்ளை வச்சிருக்க. ஒரு முள்ளுக்கா இவ்வளவு பாடு? சரி, இங்க முங்கு. மூச்சை அடக்கு. அந்தப் பக்கம் எழுந்திரு. அதுதான் வைத்தியர் மரம்."

இரண்டும் பொய் சொல்லவில்லை. தாங்கள் போகிற வழியைத்தான் சொல்லின. கேட்டவளுக்குச் சிறகு இருக்கிறதா என்று பார்க்கத்தான் நேரமில்லை. எனக்கு அந்தக் கொக்கின் மேல் கொஞ்சம் கோபம்தான்.

குன்னி உட்கார்ந்துவிட்டாள். "என்னால முடியலம்மா" என்றாள். குரல் கீச்சென்று வந்தது. வேலாயிக்கு அழுகை முட்டியது. அழுதால் நேரம் போகும் என்று அடக்கிக்கொண்டாள்.

அப்போது சேற்று வளையிலிருந்து ஒரு நண்டு வெளியே வந்தது.

"எங்கக்கா போகணும்?"

வேலாயி அதன் நடையைப் பார்த்தாள். இதுவே பக்கவாட்டில் போகிறது, நமக்கு என்ன வழி சொல்லிவிடும் என்று நினைத்தாள். ஆனாலும் வேறு கதி இல்லை. விஷயத்தைச் சொன்னாள்.

"உனக்கு நீந்தத் தெரியுமா?" என்றது நண்டு.

"தெரியாது தம்பி."

"மரம் ஏறுவியா?"

"மாட்டேன்."

"பொண்ணு எவ்வளவு தூரம் நடக்கும்?"

"உட்கார்ந்து உட்கார்ந்து வருவா."

காலையிலிருந்து யாரும் அவளிடம் இதையெல்லாம் கேட்கவில்லை. நண்டு கொடுக்கை நீட்டிக் காட்டியது.

"மதகுக்குப் பக்கத்துல மாடு மேயப் போன தடம் இருக்கு. குளம்பு பட்டு மண் இறுகிக் கிடக்கும், கால் புதையாது. சுத்து வழிதான். ஆனா திட்டுல கொண்டுபோய் விட்டுடும். எந்த மரத்தடியில பிடுங்கின முள்ளும் எலும்பும் குவிஞ்சிருக்கோ, அதுதான் வைத்தியர் மரம். மேல பார்த்துக் கத்தாத, இந்தச் சத்தத்துல கேட்காது. பொழுது சாயும்போது பக்கத்துக் குட்டைக்கு இறங்குவார். அங்கேயே நில்லு."

"நீ எப்படிப்பா இவ்வளவும் தெரிஞ்சு வச்சிருக்க?"

"நானும் நடக்கிறவன்தானேக்கா."

வேலாயி நடந்தாள். பத்தடி நடை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி பத்தடி. குன்னி படுத்தபோதெல்லாம் மூக்கால் தள்ளி எழுப்பினாள். கடைசியில் முள் குவியல் கண்ணில் பட்டது. குட்டையோரமாகப் போய் நின்றாள்.

பொழுது சாய்ந்தது. வைத்தியர் இறங்கினார். குன்னியின் வாயைத் திறக்கச் சொல்லி, அலகை விட்டு, ஒரே இழுப்பில் முள்ளை எடுத்துக் குவியலில் போட்டார்.

குன்னி குட்டையில் வாய் வைத்து வெகுநேரம் தண்ணீர் குடித்தாள். பிறகு நிமிர்ந்து, "அம்மா, பசிக்குது" என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் வேலாயி அழுதாள்.

மேலே கிளையிலிருந்து கொக்கு எட்டிப் பார்த்தது. "நான் சொன்ன வழியிலதானே வந்த?" என்று பெருமையாகக் கேட்டது.

புது ஊரில் வழி கேட்பதானால், உயரத்தில் பறப்பவரை விட்டுவிட்டு, உன்னைப் போலவே தரையில் நடப்பவரைக் கேள்.