பகலில் பூட்டிய வீடு

நல்லோரே, ஒன்று கேட்கிறேன். நெஞ்சைத் தொட்டு விடை சொல்லுங்கள். அடுத்தவர் வீட்டுச் சன்னலை நீங்கள் உற்றுப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில், உங்கள் வீட்டுச் சன்னல் எந்த நிலையில் இருந்தது?

முன்னாளில் செங்கரை நாட்டை வயமாறன் என்றோர் அரசன் ஆண்டான். கொடையில் குறைவில்லாதவன். ஆனால் தன்னிடம் இல்லாத ஒன்று பிறரிடம் இருப்பதை அவனால் பொறுக்க முடியாது. படைத்தலைவனின் மீசை தன் மீசையைவிட அடர்ந்திருக்கிறதென்று, அதை மழிக்கச் சொன்னவன் அவன்.

ஓராண்டு கோடை மிகக் கொடியதாக இருந்தது. அரண்மனையிலோ ஒரு பழைய வழக்கம் இருந்தது. விடியலில் சங்கு முழங்கியதும் சன்னல்கள் எல்லாம் திறக்கப்படும். அந்தியில் மணி ஒலித்ததும் எல்லாம் சாத்தப்படும். பகலில் உள்ளே வந்த அனல், வெளியேற வழியின்றி இரவெல்லாம் அரசனோடு படுத்துக்கொள்ளும். விசிறுவோர் கை ஓய்ந்ததே தவிர அரசனுக்கு உறக்கம் வரவில்லை. காலையில் அவன் சிவந்த கண்களோடு அரியணையில் அமர்வான். அமைச்சர் இளநாகரோ நன்றாக உறங்கித் தெளிந்த முகத்தோடு அவைக்கு வருவார். அந்த முகம் அரசனை உறுத்தியது.

அவனைவிட அதிகமாக உறுத்தல் கொண்டவன் மாளிகை அதிகாரி விடங்கன். அமைச்சர் பதவியின்மேல் நெடுநாளாகக் கண் வைத்திருந்த அவன், ஒரு நண்பகலில் அரசனின் காதருகே குனிந்தான்.

"அரசே, ஊரார் பகலில் சன்னலைத் திறந்து இரவில் சாத்துகிறார்கள். அமைச்சர் மட்டும் பகலெல்லாம் அடைத்து வைத்து, இரவில் திறக்கிறார். நேர்மையான மனிதன் செய்கிற வேலையா இது?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இரவெல்லாம் எதிரே நின்று பார்த்தேன். எல்லாம் தங்கள் நலனுக்காக."

"நான் இங்கே புழுங்கிச் சாகிறேன். அவர் எதையோ ஒளித்து வைத்துக்கொண்டு நிம்மதியாக உறங்குகிறாரா? புறப்படு."

கொளுத்தும் வெயிலில் இருவரும் அமைச்சர் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். கதவைத் திறந்த இளநாகர், விடங்கனின் வீங்கிய கண்களைக் கண்டதுமே நடந்ததை ஊகித்துக்கொண்டார்.

"வீட்டில் என்ன ஒளித்து வைத்திருக்கிறீர்?" என்றான் அரசன்.

"ஒளித்திருப்பது உண்மைதான், அரசே. இரவில் வெளியிலிருந்து எடுத்து வருகிறேன். பகலில் பூட்டி வைக்கிறேன்."

"தம் வாயாலேயே ஒப்புக்கொண்டார்," என்று விடங்கன் கைகளைத் தேய்த்தான்.

"களவுப்பொருள் என்று தெரிந்தால், முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் நாட்டைவிட்டு நீங்கவேண்டும்," என்றான் அரசன்.

"அப்படியே ஆகட்டும். ஒரே வேண்டுகோள்: உள்ளே வந்ததும் கதவைச் சாத்திவிடுங்கள். திறந்திருந்தால் அது தப்பிவிடும்."

விடங்கன் பெட்டிகளைக் கவிழ்த்தான். அரிசிக் குதிருக்குள் கையை விட்டுத் துழாவினான். ஆட்டுக்கல்லைக்கூட அசைத்துப் பார்த்தான். அரசன் களைத்துப்போய் வெறுந்தரையில் சுவரோரமாகச் சாய்ந்தான். சற்று நேரத்தில் அவன் வியர்வை அடங்கியது; கையிலிருந்த விசிறி நழுவியது.

உடலெல்லாம் தவிடும் தூசியுமாக விடங்கன் திரும்பி வந்தான். "ஒன்றும் அகப்படவில்லை, அரசே. மிகத் தந்திரமாக மறைத்திருக்கிறார்."

"மெல்லப் பேசு," என்றான் அரசன். "எனக்கு உறக்கம் வருகிறது."

இளநாகர் முறுவலித்தார். "பொருள் அகப்பட்டுவிட்டது, அரசே. தாங்கள் அதன்மேல்தான் அமர்ந்திருக்கிறீர்கள். நான் எடுத்து வந்து பூட்டி வைப்பது இரவின் குளிர்ச்சியை."

"இதற்கு எத்தனை பொன்னை இறைத்தீரோ," என்று விடங்கன் முணுமுணுத்தான்.

"வாரும், நீரே பாரும். மேற்குச் சன்னலுக்கு வெளியே கட்டியிருப்பது பழைய கோரைப்பாய். வெயிலை உள்ளே விட்டுவிட்டுத் திரை போடுவது, வந்த திருடனுக்குப் போர்வை கொடுப்பதைப் போன்றது. மொட்டைமாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு பூசியிருக்கிறேன். அடுப்பைக் கொல்லைக்கு மாற்றிவிட்டோம். அந்தியில் சன்னலைத் திறந்து ஓர் ஈரத்துணியைத் தொங்கவிடுவோம். இவ்வளவுதான் என் புதையல்."

அரசனின் முகம் கறுத்தது. "இதை எனக்குச் சொல்லாமல் நீர் மட்டும் அனுபவித்தீரே."

"சென்ற கோடையிலேயே அவையில் சொன்னேன். பழம்பாய் கட்டுவது அரண்மனைக்கு அழகல்ல என்று விடங்கனார் சிரித்தார். தாங்களும் சிரித்தீர்கள்."

அரசன் விடங்கனைப் பார்த்தான். "இரவெல்லாம் இவர் சன்னலைப் பார்த்தாயே, அப்போது உன் வீட்டுச் சன்னல்?"

"சாத்தியிருந்தது, அரசே."

"உள்ளே?"

விடங்கனின் தலை தாழ்ந்தது. "என் குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. அழுதுகொண்டிருந்தாள்."

இளநாகர் வெளியே சென்றார். தம் சன்னலில் கட்டியிருந்த பாயை அவிழ்த்துச் சுருட்டி, விடங்கனின் கையில் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டவனுக்கு அவர் முகத்தைப் பார்க்கும் துணிவு இல்லை.

"இரவில் விழித்திருப்பது உனக்கு நன்றாகக் கைவந்திருக்கிறது," என்றான் அரசன். "இனி அந்தியில் அரண்மனைச் சன்னல்களைத் திறந்து, விடியும்வரை காவல் நின்று, வெயில் ஏறுமுன் சாத்துவது உன் பொறுப்பு. முதலில் போய் உன் பிள்ளைக்கு இந்தப் பாயைக் கட்டிவிட்டு வா. இளநாகரே, உமக்கு என்ன வேண்டும்?"

"சங்கொலி கேட்டதும் சாத்தவும், மணியொலி கேட்டதும் திறக்கவும் ஊர் முழுதும் பறையறையச் செய்யுங்கள். அது போதும்."

"அப்படியானால் எல்லோரும் என்னைப் போலவே உறங்குவார்களே. பிறகு நான் யாரைப் பார்த்துப் பொறாமைப்படுவது?"

"அதற்காகத்தான் கேட்கிறேன், அரசே."

நல்லோரே, பொறாமை கொண்ட நெஞ்சும் அந்த அரண்மனையைப் போன்றதே. அனல் வரும்போது திறந்திருக்கிறது. குளிர்ச்சி வந்து நிற்கும்போது அடைத்துக்கொள்கிறது. கதை நன்று என்று தலையசைத்துவிட்டு நாளைக்கு ஒத்திப்போடாதீர்கள். இன்றே எழுந்து, வெயில் அடிக்கிற சன்னலுக்கு வெளியே ஒரு பழம்பாயோ சாக்கோ கட்டுங்கள். இன்று அந்தியிலேயே சன்னல்களைத் திறந்துவிடுங்கள். அடுத்த வீட்டில் ஒரு குழந்தை புழுக்கத்தில் அழுகிற ஒலி கேட்டால், அது நீங்கள் வெறுக்கும் மனிதரின் வீடாயினும், இன்னொரு பாயைச் சுருட்டிக்கொண்டு இப்போதே போய்க் கதவைத் தட்டுங்கள்.