குட்டைக்குப் போட்ட பச்சைப் போர்வை

மருதங்குட்டையில் தண்ணீர் சுட ஆரம்பித்தது.

காட்டுக்கு நடுவே இருந்த குட்டை அது. சுற்றிலும் மருத மரங்கள் நின்ற காலத்தில் நடுக்கோடையிலும் தண்ணீர் சில்லென்று இருக்கும். இப்போது மேற்குக் கரை மொட்டையாகிவிட்டது. மதியம் சாய்ந்தால் வெயில் நேராகத் தண்ணீரில் இறங்கியது.

மரமெல்லாம் எங்கே போயிற்று? வேறெங்கே, காட்டு மிருகங்களின் வயிற்றுக்குள்தான்! காட்டுப்பன்றிக் கூட்டம் கிழங்குக்காக வேரடியைத் தோண்டித் தள்ளியது. முள்ளம்பன்றி அடிமரத்துப் பட்டையைக் கடித்தது. புதிதாக முளைத்த கன்றுகளை மான்கள் மேய்ந்து தீர்த்தன. சாய்ந்த மரத்தடியிலிருந்து ஓடிய எலிகளை நரி பிடித்துத் தின்றது. ஆளுக்குக் கொஞ்சம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

குட்டைக்குள் ஒரு விரால் மீன் ஜோடி இருந்தது. அப்போதுதான் குஞ்சு பொரித்திருந்தது. விரால் குஞ்சுகள் செக்கச்செவேலென்று, பந்து மாதிரித் திரண்டு நீந்தும். தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: விரால் அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்றுக் குடித்தாக வேண்டும். இல்லையென்றால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிடும்.

வெந்நீரில் சில குஞ்சுகள் துவண்டு மல்லாந்தன. தாய் விரால் பதறிப்போய்க் கரையோரம் வந்தது.

“என் பிள்ளைங்க வேகுது! தோண்டுறதை நிறுத்துங்க!” என்று கத்தியது.

எல்லா மிருகங்களும் கரையில் கூடின. விராலைப் பார்த்து எல்லாருக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

“நான் தோண்டலைன்னா என் குட்டிங்க பட்டினி” என்றது பன்றி.

“நான் ஒருத்தன் பட்டை கடிச்சா மரம் விழுந்துடுமா?” என்றது முள்ளம்பன்றி.

அப்போது நரி தொண்டையைக் கனைத்தது. வக்கணையாகப் பேசுவதில் அதை அடிக்க அந்தக் காட்டில் ஆளில்லை.

“யாரும் எதையும் விட வேண்டாம்! பிரச்சினை வெயில்தானே? வெயிலை மறைச்சுட்டாப் போச்சு! ஆத்துத் தேக்கத்துல ஆகாயத்தாமரை மிதக்குது. ஆளுக்கு ஒரு செடி கொண்டாந்து குட்டையில போடுங்க. அதுவாப் பரவும். தண்ணி நிழல்ல கிடக்கும்!”

“அட, அட! என்ன மூளை!” என்று மான்கள் துள்ளின.

விராலுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. “நரியண்ணே, ஒத்துவரலைன்னா எப்படி எடுப்பீங்க?”

நரி சிரித்தது. “வேரு மண்ணுலயா இருக்கு? மிதக்கிற செடிம்மா! வேணும்னா போடலாம், வேண்டாம்னா ஒரே இழுப்புல எடுத்துடலாம்!”

பன்றி முதுகிலும் மானின் வாயிலுமாகச் செடிகள் வந்து இறங்கின. கொஞ்ச நாளில் மேற்குப் பக்கம் பச்சைப் போர்வை போர்த்தினாற்போல் ஆயிற்று. ஊதாப் பூக்கூடப் பூத்தது. தண்ணீர் நிஜமாகவே குளிர்ந்தது. விரால்கூட, “நான்தான் வீணாச் சந்தேகப்பட்டுட்டேன்” என்று சொல்லிவிட்டது. இலைக்கோழி என்ற நீர்ப்பறவை ஒன்று எங்கிருந்தோ வந்து செடி மேலேயே கூடு கட்டிக்கொண்டது.

அத்தோடு விட்டார்களா? அதுதான் இல்லை!

“குட்டைதான் குளுந்துடுச்சே, இனி மரம் எதுக்கு?” என்று பன்றிக் கூட்டம் மற்ற மூன்று கரைகளுக்கும் போயிற்று. முன்பு பயந்து பயந்து தோண்டியவை இப்போது தைரியமாகத் தோண்டின. கடைசியில் தென்மேற்கு மூலையில் ஒரே ஒரு மருத மரம் நின்றது.

செடியும் சும்மா இருக்கவில்லை. ஒன்று பத்தாகி, பத்து நூறாகி, குட்டை முழுவதையும் மூடிவிட்டது. தண்ணீரையும் உறிஞ்சிக் குடித்தது. குட்டை வற்றிக்கொண்டே வந்தது. பன்றிகள் புரளும் சேறு வெடித்துக் காய்ந்தது. அடியில் வெளிச்சமும் இல்லை, காற்றும் இல்லை.

காற்றுக் குடிக்க மேலே வந்த விராலின் தலை வேரில் இடித்தது. தகப்பன் விரால் முட்டி முட்டி ஒரு சின்ன ஓட்டை போட்டது. குஞ்சுகள் ஒவ்வொன்றாக அதில் மூச்சு வாங்கின. செடி நகர்ந்து ஓட்டை மூடிக்கொள்ளும். தகப்பன் மறுபடியும் முட்டும். ஒருநாள் அது வேர்ச்சிக்கலில் மாட்டிக்கொண்டு வெளியே வரவே இல்லை.

தாய் விராலுக்கு அழுது தீர்க்க நேரமில்லை. கரையோரச் சந்தில் தலையை நீட்டிக் கதறியது.

“என் வீட்டுக்காரர் போயிட்டார்! பிள்ளைங்களாவது பிழைக்கணும்! எடுங்க இதை!”

“தொடக்கூடாது! என் முட்டை இது மேலதான் இருக்கு!” என்று கத்தியது இலைக்கோழி.

“எடுங்க!”

“எடுக்காதீங்க!”

நரி சமாதானம் சொல்லப் பார்த்தது. யாரும் கேட்கவில்லை. தண்ணீர் குடிக்க வரும் காட்டெருமைக் கூட்டம் குட்டைக்குள் இறங்கி, கொம்பால் வாரி வாரிக் கரையில் போட்டது. ஒரே காலைப்பொழுதில் முக்கால்வாசிக் குட்டை திறந்துவிட்டது. இலைக்கோழியின் முட்டைகள் எருமைக் காலடியில் நொறுங்கிப் போயின. அந்தப் பறவை கத்தியதைக் கேட்கச் சகிக்கவில்லை.

விரால் ஆசை தீரக் காற்றுக் குடித்தது. குஞ்சுகளும் குடித்தன. அவ்வளவுதான், மதியம் வந்துவிட்டது.

முன்பாவது மூன்று பக்கம் மரம் இருந்தது. இப்போது மூலையில் அந்த ஒற்றை மரம்தான். முன்பாவது தண்ணீர் ஆழமாக இருந்தது. இப்போது முழங்கால் அளவுதான். இத்தனை நாள் மறைந்திருந்த வெயில் மொத்தமும் ஒரேயடியாக இறங்கியது. குட்டை உலைநீராகக் கொதித்தது.

“போடுங்க! செடியைத் திரும்பப் போடுங்க!” என்று அலறியது நரி.

“போட்டா மூச்சு முட்டிச் சாவோம், எடுத்தா வெந்து சாவோம்! நீ சொன்ன அந்த ஒரே இழுப்பு இதுதானா?” என்றது விரால்.

நரி வாலைச் சுருட்டிக்கொண்டு புதருக்குள் நுழைந்தது.

விரால் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு அந்தக் கடைசி மரத்தின் நிழலுக்கு ஓடியது. வழியிலேயே பாதிக் குஞ்சுகள் மல்லாந்து மிதந்தன. நிழலுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தால், பன்றி அந்த மரத்தின் வேரைத் தோண்டிக்கொண்டிருந்தது!

“அண்ணே, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். இந்த ஒரு மரத்தை விட்டுடுங்க!”

“என் குட்டிங்களுக்குப் பசிக்குது, தங்கச்சி.”

“உங்க குட்டிங்க எங்கே?”

பன்றி திரும்பிப் பார்த்தது. குட்டிகளும் அதே மரநிழலில்தான், மேல் தோல் வெயிலில் கன்றிப்போய், நாக்குத் தள்ளப் படுத்திருந்தன. புரண்டு உடம்பை ஆற்றிக்கொள்ள அக்கம்பக்கத்தில் வேறு சேறு இல்லை.

பன்றி தோண்டுவதை நிறுத்தியது. தோண்டிய மண்ணை மூக்காலேயே தள்ளி வேரை மூடியது. பிறகு மரத்தடியிலேயே படுத்துக்கொண்டது.

“இனி இந்தப் பக்கம் எவனாவது பல்லை வெச்சான், குத்திக் கிழிச்சுடுவேன்!” என்று முள்ளம்பன்றியைப் பார்த்து உறுமியது.

அன்றிலிருந்து கிழங்கு தேடப் பன்றிகள் மலையடிவாரம் வரை நடந்தன. மான்கள் கரைப் பக்கம் மேயவில்லை. மருத விதைகள் விழுந்து கன்றுகள் முளைத்தன. நல்ல மழை பெய்து குட்டை கொஞ்சம் நிறைந்தது. மிச்சமிருந்த செடியை எருமைகள் ஒரேயடியாக எடுக்கவில்லை. கன்றுகள் வளர வளர, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் போட்டன. அதுவும் லேசில் ஒழியவில்லை. இழுத்த இடத்தில் மறுபடி முளைத்தது.

ஒருநாள் நரி மெதுவாக வந்தது. “என்கிட்ட ஒரு புது யோசனை இருக்கு. காஞ்ச சருகைக் கொளுத்திப் புகை போட்டா, வெயிலே கீழ இறங்காது...”

“வாயை மூடு!” என்றது மொத்தக் காடும்.

“வேலை வேணும்னா அந்தக் கன்னுக்குக் காவல் உக்காரு” என்றது பன்றி. நரி முணுமுணுத்துக்கொண்டே போய் உட்கார்ந்தது.

கன்றுகள் நிழல் தர இன்னும் எத்தனையோ கோடைகள் இருந்தன. அதுவரை விரால் மிஞ்சிய குஞ்சுகளோடு அந்த ஒற்றை மரத்தின் நிழலிலேயே கிடந்தது. நிழல் நகர நகர, அதுவும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நகர்ந்தது.

சூட்டை உண்டாக்கும் வேலையை நிறுத்தாமல் வெயிலை மட்டும் மூடப் பார்த்தால், சூடும் தீராது, போட்ட மூடியையும் எடுக்க முடியாது.