ஏறிக்கொண்டே இறங்கிய வண்டி

எங்கள் மலையில் முட்டாள்கள் மூன்று பேர்தான். அதிகம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மூன்று பேரும் சேர்ந்து ஒரு வண்டி வாங்கினோம். அதைத்தான் ஊர் இன்னும் பேசுகிறது.

முதல் ஆள் மொக்கராசு அண்ணன். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியும். இரண்டாம் ஆள் என் மச்சினன் வீரணன். அவனுக்கு எல்லாம் தெரியும். மூன்றாவது சடையாண்டியாகிய நான். எனக்கு இவர்கள் இரண்டு பேரையும் தெரியும். என் தகுதி அவ்வளவுதான்.

அந்த வருஷம் என் தோட்டத்தில் மலைவாழை நன்றாக விளைந்திருந்தது. வத்தலக்குண்டில் மண்டி வைத்திருக்கும் மைதீன் ராவுத்தர், "வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை நூத்திருபது தார். பச்சையா வந்து சேரணும். மஞ்சள் தட்டுச்சுன்னா வேற ஆளப் பாத்துக்குவேன்" என்று சொல்லியிருந்தார். வழக்கமாக வரும் லாரி நின்றுபோனது. அதனால் ஒரு பழைய பிக்கப் வண்டியை வாங்கினோம். என்ஜின் நன்றாக இருந்தது. பின்னால் சரக்கு ஏற்றும் இடம் மட்டும் துருப்பிடித்து வடகம் போல உதிர்ந்தது.

அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, சுற்றுத் தடுப்பில்லாத இரும்புத் தட்டு ஒன்று அடிக்க வேண்டும். வெல்டிங் சூசைக்குக் காலில் மாவுக்கட்டு. மலை ஏற முடியாது. மெஷினைக் கொடுத்தனுப்பிவிட்டு, போனில் யோசனை சொன்னார்.

"மூணே விஷயம்ணே. லோடு ரெடியா இருக்கணும். வண்டியில தேவையில்லாத எடைய எல்லாம் கழட்டிருங்க. தட்டு மட்டமா நிக்கணும், ரசமட்டத்துல குமிழி நடுவ விட்டு அசையக்கூடாது."

போனை வைத்த கையோடு நான் போய் நூற்றிருபது தாரையும் வெட்டிவிட்டேன். லோடு ரெடி. வண்டிக்கு இன்னும் தட்டு இல்லை. என் மனைவி செல்லக்கனி வாசலில் குவிந்து கிடந்த தார்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "கல்யாணத்துக்கு முன்னாடி எங்கப்பா இன்னும் நாலு பேரு கிட்ட விசாரிச்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அடுத்தது தேவையில்லாத எடை. வண்டியைச் சுற்றி உட்கார்ந்து நியாயமாக விசாரித்தோம்.

"ஸ்டெப்னி தேவையா?" என்றேன்.

"பஞ்சரானாத்தான தேவை? இப்ப ஆகலையே" என்றான் வீரணன். கழற்றினோம்.

"ரெண்டு பக்கமும் கண்ணாடி இருக்கே?"

மொக்கராசு அண்ணன் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். "அது பின்னாடி பாக்குறதுக்குத் தம்பி. நாம முன்னாடிதான போப்போறோம்?" என்றார். அதையும் கழற்றினோம். எடை குறைந்ததில் எங்களுக்கே உடம்பு லேசானது போல இருந்தது.

பிறகு தட்டு. எங்கள் ஊர் மலைச்சரிவில் தொற்றிக்கொண்டிருக்கும் ஊர். வண்டியை மேட்டைப் பார்க்க நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்தோம். பத்தடித் தட்டை வண்டி மேல் தூக்கி, கொத்தனார் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை வைத்தால், குமிழி ஒரு ஓரமாகப் போய் ஒட்டிக்கொண்டது. பின்பக்கத்தைத் தூக்கத் தூக்கக் குமிழி நடுவுக்கு வந்தது. முன்கால் ஒரு சாண், பின்கால் மூன்று சாண் என்று இரும்பு வெட்டி ஒட்டி, வண்டியோடு சேர்த்து போல்ட் முடுக்கினோம்.

"ஏண்ணே, பின்னாடி இம்புட்டு ஒசரமா இருக்கே?" என்றேன்.

"பழைய வண்டிப்பா. முதுகு வளைஞ்சிருக்கும். வயசானா நமக்கே வளையுது" என்றார் அண்ணன். குமிழி நட்டநடுவில் நின்றது. அதற்கு மேல் எனக்கு என்ன கேள்வி?

இதற்குள் நான்கு நாள் போய்விட்டது. வெள்ளிக்கிழமை காலை. ஒரு தாரில் ஒரு காய் லேசாக வெளிறியதுபோல் தெரிந்தது. அவசரமாக ஏற்றினோம். தட்டில் அடுக்கிய தார்கள் அசையாமல் கிடந்தன. சூசை கெட்டிக்காரன்தான் என்று பேசிக்கொண்டோம்.

கீழே போவதற்காகக் கோயில் முன்னால் வண்டியைத் திருப்பினோம். மூக்கு பள்ளத்தைப் பார்த்ததுதான் தாமதம், நூற்றிருபது தாரும் சறுக்கிக்கொண்டு வந்து கேபினின் பின்பக்கக் கண்ணாடியை உடைத்து உள்ளே நுழைந்தன. அண்ணன் மடியில் ஒன்று உட்கார்ந்தது.

"நல்லாத்தான இருந்துச்சு?" என்றேன். அழுகை வந்துவிட்டது. உண்மையாகவே வந்தது.

வீரணன் வண்டியை மேட்டைப் பார்க்க ஒரு தரம், பள்ளத்தைப் பார்க்க ஒரு தரம் நிறுத்தச் சொன்னான். இரண்டு தரமும் குனிந்து பார்த்தான். "மாமா, கண்டுபிடிச்சுட்டேன். ஏறும்போது தட்டு மட்டமா இருக்கு. இறங்கும்போதுதான் சாயுது."

"அதுக்கு?"

"அதனால நாம இறங்கக் கூடாது. ஏறிக்கிட்டே கீழ போவோம்."

மொக்கராசு அண்ணனின் முகம் மலர்ந்தது. "ரிவர்ஸா!" என்றார்.

தார்களைத் திரும்பத் தட்டில் அடுக்கிவிட்டுக் கிளம்பினோம். பதினோரு கொண்டை ஊசி வளைவு. மூக்கு மேட்டைப் பார்க்க, முதுகு பள்ளத்தைப் பார்க்க, வண்டி பின்னாலேயே இறங்கியது. தார்கள் துளியும் அசையவில்லை. கண்ணாடிகள் இரண்டும் வீட்டுப் பரணில் பத்திரமாக இருந்தன. அதனால் வீரணன் முன்னால், அதாவது பின்னால், நடந்தான். "என்ன வந்தாலும் சொல்லுடா" என்று அண்ணன் சொல்லியிருந்தார்.

"மைல்கல் வருது! புளியமரம் வருது! மறுக்கா புளியமரம் வருது! ஓணான் வருது... போயிருச்சு!"

"தொண்டையை மிச்சம் வைடா, வேண்டியதுக்கு மட்டும் கத்து" என்று நான் சொன்ன பிறகு, பஸ் வந்தபோது அவன் கத்தவில்லை. பஸ் எங்களுக்கு வேண்டியதில்லை அல்லவா? டிரைவர் பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டுத் தலையை நீட்டினார்.

"யோவ்! மேல போறீங்களா, கீழ போறீங்களா?"

"கீழதாங்க. ஏறிக்கிட்டே போறோம்" என்றேன்.

அவர் பஸ்ஸை ஓரம் ஒதுக்கி வழிவிட்டார்.

அடிவாரத்துக்கு வந்ததும் தரை சமமானது, தார்கள் மறுபடி நகரத் தொடங்கின. நானும் வீரணனும் கேபினுக்கும் தாருக்கும் நடுவில் உட்கார்ந்து முதுகு கொடுத்தோம். மண்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். ராவுத்தர் ஒவ்வொரு தாராகப் புரட்டிப் பார்த்தார்.

"காய் பச்சையாத்தான் இருக்கு. எடுத்துக்கிறேன்" என்றார். பிறகு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "தட்டைச் சரிபண்ணி அடுத்த வெள்ளிக்கிழமை நேரத்தோட வாங்க. இந்த லட்சணத்துல வந்தா வாங்க மாட்டேன். மண்டி வாசல்ல கூட்டம் கூடிருச்சு பாருங்க."

சூசைக்குப் போன் போட்டோம். போனில் இருமல் போல ஒரு சத்தம் கேட்டது. சிரிக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். கடைசியில், "தட்டைக் கழட்டுங்க. வண்டிய மட்டமான இடத்துல நிறுத்துங்க. பின்கால ரெண்டு சாண் வெட்டிட்டு, தட்டைத் திரும்ப மாட்டுங்க" என்றார்.

ஊருக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை அடுத்த நூற்றிருபது தாரை வெட்டியதுதான். பிறகு ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு மட்டமான இடம் தேடினோம். கோயில் வாசலில் வைத்தால் குமிழி மேற்கே ஓடியது. பள்ளிக்கூடத்தில் கிழக்கே ஓடியது. எங்கள் வீட்டு அடுப்படியில் ரசமட்டமே ஓடியது. ஐந்து நாள் தேடினோம். தார்களைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

ஆறாம் நாள் வீரணன் களைத்துப்போய், பழைய இடத்தில் மேட்டைப் பார்க்க நின்ற எங்கள் வண்டித் தட்டின் மேல் ரசமட்டத்தை வைத்துவிட்டு உட்கார்ந்தான். குமிழி நடுவில் வந்து நின்றது.

"மாமா! மட்டமான இடம் கிடைச்சிருச்சு!"

ஓடிப்போய்ப் பார்த்தோம். உண்மைதான். ஊரிலேயே மட்டமான இடம் அது ஒன்றுதான்.

"அப்ப வண்டிய இதுமேலதான் நிறுத்தணும்" என்றார் அண்ணன். சூசை சொன்னதும் அதுதானே?

போல்ட்டைக் கழற்றினோம். ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேர் தட்டை அதே உயரத்தில் அசையாமல் பிடித்துக்கொள்ள, வண்டியை அடியிலிருந்து முன்னால் உருவினோம். தட்டின் காலுக்கெல்லாம் கருங்கல் முட்டுக் கொடுத்தோம். பலகை சாய்த்து, மேட்டில் நின்ற வண்டியைப் பின்னாலேயே தட்டின் மேல் ஏற்றினார் அண்ணன். பின்னால் ஓட்டுவதில் அவர் இப்போது கைதேர்ந்தவர். நான்கு சக்கரமும் உள்ளே அடங்கின. மூக்கு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. குமிழி அசையவில்லை.

"அண்ணே, வண்டி இம்மி பிசகாம மட்டத்துல நிக்குது!" என்று போனில் சூசையிடம் கத்தினேன்.

"ரொம்ப சந்தோஷம். இப்ப காலை வெட்டிட்டுத் தட்டைத் தூக்கி வண்டி மேல வைங்க" என்றார் சூசை.

தட்டைத் தேடினோம். வண்டிக்கு அடியில் இருந்தது.

"தட்டை எடுக்கணும்னா வண்டிய இறக்கணும்" என்றேன்.

"இறக்குனா மட்டம் போயிருமே" என்றார் அண்ணன்.

விடிந்தால் வெள்ளிக்கிழமை. தார்கள் வாசலில் கிடந்தன. மூன்று பேரும் தலையில் கைவைத்து உட்கார்ந்தோம். வீரணன்தான் முதலில் எழுந்தான்.

"மாமா, நமக்கு என்ன வேணும்? தட்டு மேல தார் இருக்கணும், வண்டி ஓடணும். தட்டும் இருக்கு, வண்டியும் இருக்கு. எது மேல எது இருந்தா நமக்கென்ன?"

எனக்கு அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது. கட்டிப்பிடித்துக்கொண்டேன். காலையில் சக்கரங்களுக்கு நடுவிலும், வண்டியின் வயிற்றுக்கு அடியிலும் நூற்றிருபது தாரையும் தட்டில் அடுக்கினோம். தார் ஏதும் நசுங்கிவிடக் கூடாதே என்று நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்தோம். மொக்கராசு அண்ணன் ஏறி உட்கார்ந்து என்ஜினைக் கிளப்பி, நீளமாக ஹாரன் அடித்தார். கூடியிருந்த ஊர் மொத்தமும் ஓரமாக ஒதுங்கி எங்களுக்கு வழிவிட்டது.