கதவு போட்ட நத்தை

அந்தக் காலத்தில், நண்டும் நத்தையும் வாய்விட்டுப் பேசிய நாளில், கடலுக்குள் எந்த வீட்டுக்கும் கதவு கிடையாது. கடலம்மாவின் சட்டம் அது. யார் பசித்து வந்தாலும் வீடு திறந்திருக்க வேண்டும் என்பாள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பசித்து வந்தது எப்போதும் நண்டு, தின்னப்பட்டது எப்போதும் நத்தை. இதற்குப் பெயர் விருந்தாம்!

பொடிச்சி என்று ஒரு நத்தை, மிளகளவுதான் இருப்பாள். அவளுடைய மூன்று அக்காமாரையும் ஓட்டிலிருந்து உருவி நண்டு தின்றுவிட்டது. அடுத்தது தான்தான் என்று அவளுக்குத் தெரியும். பயந்தாள். பயத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. யாரிடமும் சொல்லாமல், தன் பாதத்தின் பின்பக்கம் நாள்தோறும் பசையைத் தடவித் தடவி, நகம்போல ஒரு வட்ட மூடியை வளர்த்தாள்.

நண்டு வந்தது. பொடிச்சி பாதத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள். மூடி வாசலில் கச்சிதமாகப் பொருந்தியது.

"ஏட்டி பொடிச்சி, தொறட்டி!" நண்டு கொடுக்கால் தட்டியது.

"தொறக்க மாட்டேன். ஒனக்குப் பசிச்சா நான் சாவணுமோ?"

நண்டு ஓடிப்போய் முறையிட்டது. கடலம்மா பொங்கிக்கொண்டு வந்தாள்.

"கதவத் தொற. இல்லன்னா என் தண்ணிய விட்டுப் போ. வெளிய வெயிலு கொளுத்துது, அரை நாளுல கருவாடாப் போவ."

"போறேம்மா. கருவாடானாலும் கதவச் சாத்திக்கிட்டுதான் காய்வேன்."

பொடிச்சி பாறைமேல் ஏறினாள். அலை எட்டாத உயரத்தில் ஒரு விரிசலில் ஒதுங்கினாள். ஒரு வாய்த் தண்ணீரை உள்ளே வைத்துக்கொண்டு, ஓட்டின் விளிம்பைப் பசையால் பாறையோடு ஒட்டி, மூடியைச் சாத்தினாள். ஓடு சுட்டது. ஒன்பது நாள் அவள் அசையவில்லை. உள்ளிருந்த தண்ணீர் ஒரு சொட்டாகிவிட்டது. அப்போதும் அவளுக்குக் கீழே இறங்கத் தோன்றவில்லை.

பத்தாம் நாள் கடலம்மா கூப்பிட்டாள். "செத்தியா, இருக்கியா?"

"இருக்கேன். கதவும் இருக்கு."

இந்தத் திமிரைக் கடலம்மாவால் தாங்க முடியவில்லை. பாறையில் முட்டி மோதி, கை எட்டாமல், "தூ!" என்று அவள்மேல் காறித் துப்பினாள். துளிகள் ஓட்டில் விழுந்து வழிந்தன. பொடிச்சி மூடியை மெல்ல விலக்கினாள். ஆசை தீரக் குடித்தாள். நனைந்த பாறையில் பாசியைச் சுரண்டித் தின்றாள். வயிறு நிறைந்ததும் திரும்பவும் சாத்திக்கொண்டாள்.

அன்று முதல்தான் அந்தப் பொடி நத்தைகள் அலை எட்டாத பாறையில் குடியிருக்கின்றன. கடல் ஆத்திரம் தீராமல் இன்றும் துப்பிக்கொண்டுதான் இருக்கிறது. அதைக் குடித்துத்தான் அவை உயிர் வாழ்கின்றன.