கடைசி பெஞ்சுக்குக் கம்பி இல்லை

ஒரு ஊரில் வெள்ளைக்காரர் காலத்துக் கிறிஸ்தவ வேதக்கோயில் ஒன்று இருந்தது. அதன் வளைந்த கூரைக்குள் எதிரொலி குடியிருந்தது. யாரும் அதைக் கூப்பிட்டு வைக்கவில்லை. கூரையை மூடிய அன்றே தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

எதிரொலிக்குத் தன்னைப் பற்றிப் பெரிய நினைப்பு. யார் எதைப் பேசினாலும் வாங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, பெரிதாக்கித்தான் கீழே விடும். ஒரு சொல் தரைக்கு வருவதற்குள் அடுத்த சொல் அதன் தோளில் ஏறிவிடும். கேட்பவர்களுக்கு ஒரு மண்ணும் புரியாது, ஆனால் உடம்பு சிலிர்க்கும். பக்தி என்றால் அதுதான் என்று எதிரொலி நம்பியிருந்தது.

புதிதாக வந்த குருவானவருக்கு இதில் சந்தேகம் தட்டியது. அந்தப் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்பார்கள். ஆராதனை முடிந்ததும் அவர் பெண்கள் பக்கத்துக் கடைசி பெஞ்சுக்குப் போனார். அங்கே ரத்தினபாய் உட்கார்ந்திருந்தாள். கிழக்கே கல்லறைத் தோட்டத்தில் கிடக்கும் தன் புருஷனைப் பார்த்துவிட்டுத்தான் அவள் கோயிலுக்குள் நுழைவாள். அதனால் அவளுக்கு என்றைக்கும் கடைசி பெஞ்சுதான்.

"பிரசங்கம் எப்படிம்மா இருந்துச்சு?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு ஐயரே."

"நான் என்ன சொன்னேன்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? கேக்க நல்லா இருந்துச்சு."

ஐயருக்கு முகம் விழுந்துவிட்டது. அடுத்த மாதமே ஆட்கள் வந்தார்கள். கூரையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்த குழாய் ஸ்பீக்கர்களைக் கழற்றினார்கள். பின்சுவரில் கனத்த மெத்தை அடித்தார்கள். தூணுக்குத் தூண் ஒல்லியான நெட்டை ஸ்பீக்கர்களைப் பெஞ்சுகளைப் பார்த்து மாட்டினார்கள்.

சபைச் செயலர் குணசீலன் ஒருவர்தான் குறுக்கே நின்றார். "அந்த முழக்கந்தான் நம்ம கோயிலுக்கு அழகு ஐயரே. அதக் கெடுக்கலாமா?"

எதிரொலிக்குக் கண்ணீர் வராத குறை. எனக்கென்று பேச இந்த ஊரில் ஒரு மனுஷன் இருக்கிறானே என்று உருகிப்போனது. அன்றிலிருந்து அது நெட்டை ஸ்பீக்கர்கள் மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. அதிலும் கடைசித் தூணில் தொங்கியவன் மேல்தான் அதற்கு அதிகச் சந்தேகம்.

"ஏய், நெட்டையா! முன் தூணில் இருப்பவன் பேசியதும் நீ உடனே பேசுவதில்லை. ஒரு இமைப்பொழுது வாயை மூடிக்கொண்டு அப்புறம் பேசுகிறாய். நடுவில் எதை விழுங்குகிறாய்?"

"ஒன்றையும் விழுங்கவில்லை. ஐயரின் குரல் முன்னாலிருந்து காற்றில் நடந்து வரவேண்டும். அது வந்து சேரும்வரை காத்திருக்கிறேன். முந்திக்கொண்டால் குழப்பம்."

"கூரைப் பக்கம் ஏன் திரும்பிப் பார்ப்பதில்லை?"

"பார்த்தால் நீ வாங்கிக்கொள்வாய். அப்புறம் கடைசி பெஞ்சு அம்மாவுக்கு என்ன கேட்கும்?"

பதில் சரியாகத்தான் இருந்தது. சரியான பதிலைச் சட்டென்று சொல்கிறவனை எப்படி நம்புவது என்று எதிரொலி முனகியது. இவன் என்னைக் கொல்லத்தான் வந்திருக்கிறான் என்ற பயம் அதைப் பிடித்து ஆட்டியது.

ஞாயிறு வந்தது. ஐயர் பேசினார். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து உட்கார்ந்தது. வழக்கமாகத் தூங்குகிறவர்களுக்குக்கூடத் தூக்கம் போய்விட்டது. எதிரொலிக்கு ஒரு பருக்கைகூட மேலே வரவில்லை. பட்டினியோடு கூரையில் சுருண்டு கிடந்தது.

பிறகு அறிவிப்பு. அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. கமிட்டி தீர்மானங்களைச் செயலர் வாசிப்பார். வாசித்து முடித்து நிமிர்ந்தால் எல்லோரும் ஆமென் சொல்லவேண்டும். சொல்லிவிட்டால் சம்மதம். புரிந்ததோ புரியவில்லையோ, முழக்கம் ஓய்ந்ததும் ஆமென் வந்துவிடும். மழை விட்டதும் குடையை மடக்குவதைப்போல அது பழகிப்போயிருந்தது.

குணசீலன் மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, வழக்கம்போல வேகமாகவும் மெதுவான குரலிலும் வாசித்தார். நெட்டைகள் ஒரு சொல்லைக்கூடச் சிந்தவில்லை.

"கல்லறைத் தோட்டத்தில் கிழக்கு வரிசைகளை மட்டப்படுத்தி, அந்த இடத்தில் கல்யாண மண்டபம் கட்ட..."

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஆமென் வரவில்லை.

எதிரொலி கீழே எட்டிக் குணசீலனைப் பார்த்தது. இதற்கு முன்னால் இந்த மனுஷன் தன் வழியாக என்னென்ன கடத்தியிருப்பான்? அழகு என்று சொன்னது இதைத்தானா? அதற்கு வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது.

கடைசி பெஞ்சில் ரத்தினபாய் எழுந்து நின்றாள்.

"வேண்டாம்" என்றாள். குரல் நாலு பெஞ்சுகூடத் தாண்டவில்லை.

"பின்னால என்ன சத்தம்? ஒண்ணும் கேக்கலையே" என்றார் குணசீலன். "சரி, சம்மதம்னு எழுதிக்குவோம்."

"நெட்டையா, அவள் சொன்னதைக் கொண்டுபோ!" என்று கத்தியது எதிரொலி.

"என்னால் ஆகாது. என் கம்பி அவர் கையில் இருக்கிற மைக்கில் போய் முடிகிறது. முன்னால் இருப்பவர் பேசினால் பின்னால் கொண்டுவருவேன். பின்னால் இருப்பவர் பேசினால் முன்னால் கொண்டுபோக இவர்கள் கம்பி இழுக்கவில்லை."

"ஏன் இழுக்கவில்லை?"

"அதைத்தான் நீ முதலிலேயே கேட்டிருக்கவேண்டும்."

ரத்தினபாய் மறுபடி வாயைத் திறந்தாள். கோயிலில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. "எங்க வீட்டுக்காரர் அங்க படுத்திருக்காரு. வேண்டாம்."

எதிரொலி அந்தக் கடைசிச் சொல்லைத் தாவிப் பிடித்தது. இருந்த பலத்தையெல்லாம் கூட்டி, கூரை நெடுக அதைச் சுமந்து போய், பீடத்துக்கு முன்னால் இறக்கியது. வேண்டாம். வேண்டாம். வேண்டாம்.

ஐயர் எழுந்தார். "எனக்குக் கேட்டுச்சு செயலரே. எழுதாதீங்க." அதற்குள் நடு பெஞ்சுகளிலும் நாலைந்து குரல்கள் எழும்பிவிட்டன.

அந்தத் தீர்மானம் அன்றோடு விழுந்தது. எதிரொலி கடைசித் தூணைப் பார்த்து, "உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேனே" என்றது. "சந்தேகத்தை விட்டுவிடாதே, ஆளை மட்டும் மாற்று" என்றான் நெட்டை.

மறு ஞாயிறு குணசீலன் சிரித்த முகத்தோடு மைக்கைப் பிடித்தார். இந்தத் தடவை வாய்க்குப் பக்கத்திலேயே பிடித்தார்.

"புது ஸ்பீக்கர் எவ்வளவு தெளிவா இருக்கு பாத்தீங்களா! கூரைக்கும் மெத்தை அடிச்சுட்டோம்னா மிச்சமிருக்கிற முழக்கமும் போயிரும். எல்லாருக்கும் சம்மதந்தானே?"

ஒரு சொல் குறையாமல் கடைசி பெஞ்சுக்கு வந்து சேர்ந்தது. ரத்தினபாய் இந்த முறை எழுந்திருக்கவே இல்லை. உட்கார்ந்தபடியே அதே ஒரு சொல்லைச் சொன்னாள்.

மீதியை எதிரொலி பார்த்துக்கொண்டது.